கீழே வைத்த மூட்டை

எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் செத்தவர்களுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சாகிவிட வேண்டும். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு அவரையும் அவர் பெற்றோரையும் பிள்ளைகளையும் மருமக்களையும் ஒருவர் விடாமல் புகழ்ந்து விருத்தம், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். இதற்குக் கல்வெட்டு என்று பெயர். அந்தியேட்டிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். எறிய மனம் வராது, வாசிக்க நேரம் வராது. அலுமாரிக்குள் போய்விடும். எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட என்பதால் அந்தப் புத்தகங்களின் பின்களெல்லாம் துருவேறி, தாளில் மண்ணிறமாக ஊறிக் கிடக்கும். அம்மா வருடத்தில் ஒரு தரம் அவற்றை வெளியே எடுத்துத் தூசி தட்டி, பூச்சி உருண்டை மாற்றி, திரும்ப அடுக்கி வைப்பார்.

அந்தத் தட்டை ஒருவர் மூலாதாரம் என்று அழைத்த நாளிலிருந்துதான் இந்தக் கதை. அழைத்தது நான்தான். பிறகு அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஹெவ்லொக் டவுனில் ஒரு பாடசாலையில் நான் வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். அங்கே வரலாறு படிப்பிப்பவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறார். நான் அவரை டீச்சர் என்பேன், அவரும் என்னை டீச்சர் என்பார். எத்தனையோ வருடமாக ஒரே மேசையில் சோற்றுப் பெட்டியைத் திறக்கிறோம், இன்னும் பேர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்தது. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அப்பா அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சர் இரண்டு பஸ் ஏறிப் பாடசாலைக்கு வந்து, பின்னேரம் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து, மிச்ச நேரத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். இந்தியாவில் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளம்பிய காற்று கொழும்புத் தமிழர் மேல் எப்படி வீசியது என்பதுதான் ஆய்வு. அதில் கடைசி அத்தியாயம் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றியது. மற்ற அத்தியாயங்களெல்லாம் இந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதுவதற்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

அதற்குக் காரணம் அவருடைய அப்பா. முதல் தடவை கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனபோதே அவர் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். பல்கனியில் கதிரையைப் போட்டு, தூரத்தில் தெரியும் கிரேன்களை இன்னும் தானே ஓட்டுவதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்.

"இந்தியாவுல சீமைத் துணிய யாரும் வாங்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தச் சேதி இங்க ஹார்பருக்கும் வந்துருச்சு. அன்னைக்குக் கப்பல்ல வந்தது முழுக்க அந்தத் துணி மூட்டைதான். எங்கப்பா தோள்ல இருந்த மூட்டையக் கீழ வச்சுட்டாரு. இத நான் தூக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. அவரப் பாத்து மத்தவங்களும் வச்சாங்க" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "எங்கப்பா வந்துட்டாராம்மா புத்தகத்துல?" என்று கேட்டார்.

"இன்னும் வரலப்பா" என்றார் டீச்சர்.

நான் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் நடக்கும். சாப்பிட்டியா என்று கேட்பதுபோலத்தான் கேட்பார். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கும்போது அந்தக் கிழவரின் முகம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம்போல இருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

டீச்சர் தேடாத இடமில்லை. சனிக்கிழமைகளில் நானும் அவரோடு சுவடிகள் கூடத்துக்குப் போகத் தொடங்கினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, வீட்டில் அம்மாவின் தொலைக்காட்சிச் சத்தத்திலிருந்து தப்பினால் போதும் என்றுதான் போனேன். வாசலிலேயே என் பேனாவைக் காட்டி, "மிஸ், பேன பே. பென்சல் விதரை" என்று சிங்களத்தில் சொன்னார்கள். பேனா கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும்தான். பழைய தாளில் மை பட்டால் போனது போனதுதான் என்று டீச்சர் விளக்கினார். அவருடைய கைப்பையில் சீவிய பென்சில்கள் ஒரு கட்டாக, றப்பர் பட்டி போட்டு இருந்தன. சில பெண்கள் கைப்பையில் உதட்டுச் சாயம் வைத்திருப்பார்கள், இவர் பென்சில்.

அவர் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே ஒரு படிப்பு. ஒரு பொலிஸ் அறிக்கை வரும். துறைமுகத்தில் கூலிகள் குழப்பம் விளைவித்தார்கள், பிறகு அடங்கினார்கள் என்று துரை இரண்டு வரியில் எழுதியிருப்பார். நானென்றால் அதோடு அடுத்த பக்கம் புரட்டியிருப்பேன். டீச்சர் அந்த இரண்டு வரியை அரை மணித்தியாலம் பார்ப்பார். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று பென்சிலால் மூன்று கேள்வி எழுதி, பதில் எழுதுவார். துரை தன் மேலதிகாரிக்குச் சொன்னது, தான் திறமாக அடக்கிவிட்டதாகக் காட்டச் சொன்னது. ஆகவே அடங்கினார்கள் என்பதை அப்படியே நம்பாதே, குழப்பம் நடந்தது என்பதை நம்பு. வகுப்பில் பிள்ளைகளுக்கும் இதே மூன்று கேள்விதான். ஒரு பையன் வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காரணம் சொல்லும்போதும் இந்த மூன்றையும் போட்டுப் பார்ப்பார் என்று பிள்ளைகள் முறைப்பாடு சொல்வார்கள்.

வெள்ளைக்காரத் தேசாதிபதிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களைக் கூட இப்போது கணினியில் பார்க்கலாம். ஒரு தேசாதிபதிக்குப் பல்வலி வந்ததும் தெரியும், அவர் மனைவிக்குக் கொழும்பு வெயில் ஒத்துக்கொள்ளாததும் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு மனிதன் மூட்டையைக் கீழே வைத்தானா இல்லையா என்று மட்டும் தெரியாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

டீச்சரின் பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் வளைந்து கொடுக்கமாட்டார். "நீங்கள் காட்டுவதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதினது. எங்கட சனம் சொன்னது ஒன்றாவது வேண்டும். அது இல்லாட்டி அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கோ" என்று சொல்லிவிட்டார். அதைச் சொன்ன அன்று டீச்சர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு அலுமாரித் தட்டு ஞாபகம் வந்தது. எங்கள் பூட்டனார், அம்மாவின் பாட்டன், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையிலிருந்த சீமைத் துணியெல்லாவற்றையும் நடுத்தெருவில் போட்டு எரித்தவர் என்று எங்கள் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கலியாணப் பேச்சுகளில் சாதகம் பார்ப்பதற்கு முன்னமே இந்தக் கதை வந்துவிடும். அவருடைய கல்வெட்டிலும் அது இருக்கிறது. நான் அதை எடுத்துப்போய் டீச்சரின் கையில் கொடுத்து, "இந்தாங்கோ உங்கட மூலாதாரம்" என்றேன்.

அன்னியர் நெய்த சீலை
அனலினில் எரித்து நின்றான்
மன்னிய கதரை யன்றி
மறுதுணி அணியான் வாழ்வில்

டீச்சர் இரண்டு தரம் வாசித்தார். "எப்ப அடிச்சது டீச்சர்?" என்று கேட்டார். சுதந்திரம் கிடைத்துச் சில வருடம் கழித்து என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். பேராசிரியருக்கும் மகிழ்ச்சி. சீலை விற்றவர் எரித்தார், சீலை தூக்கியவர் கீழே வைத்தார், ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் என்றாராம். இப்படி இன்னும் சிலவற்றைச் சேர்த்தால் அத்தியாயம் நிமிர்ந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். டீச்சர் அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டார்.

இன்னும் சிலவற்றைச் சேர்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். வெள்ளவத்தையில் கல்வெட்டுக்கா பஞ்சம்? எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஏறினேன். மேல்மாடி டொக்டர் வீடு, கோர்ட்டுக்குப் போகும் எதிர் வீட்டு அப்புக்காத்தர், மூலைக்கடைக்காரரின் மாமி வீடு. எல்லோரும் ஆசையாகத் தந்தார்கள். தங்கள் செத்தவர்களைக் கேட்டு ஒருவர் வந்தது அவர்களுக்குப் பெரிய சந்தோசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் எங்கள் வீட்டு ஹோல் நிலத்தில் பரப்பினேன். டீச்சர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து நிலத்திலேயே சப்பணம் கட்டி இருந்துவிட்டார். அம்மா பால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

டீச்சர் ஒவ்வொன்றாக வாசித்தார். தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிப்போனது. ஒரு கட்டத்தில் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் புத்தகங்களை வரிசையாக, பக்கத்துக்குப் பக்கம் திறந்து வைத்தார்.

"டீச்சர், கொஞ்சம் இங்க வாங்களேன்."

நான் குனிந்து பார்த்தேன். டொக்டர் வீட்டுப் பாட்டனார் அன்னியர் நெய்த சீலையை அனலினில் எரித்து நின்றார். அப்புக்காத்தரின் தகப்பனாரும் அனலினில் எரித்து நின்றார். மூலைக்கடை மாமியின் மாமனாரும் எரித்து நின்றார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. எரித்தவர்களில் ஒருவர் வாழ்நாள் முழுக்க அரசாங்கக் கச்சேரியில் துரைக்கு மொழிபெயர்த்தவர். ஒரு பக்கத்தில் அன்னியர் சீலையை எரித்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அன்னியர் கையால் பட்டம் வாங்குகிறார். கல்வெட்டு எழுதிக் கொடுத்த புலவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். சுதந்திரம் வந்த புதிதில் யார் செத்தாலும் நாட்டுப்பற்றுக்கு ஒரு விருத்தம் என்று கைவசம் வைத்திருந்திருக்கிறார். நாங்களும் பிறந்த நாள் தொட்டு அதை நம்பி வந்திருக்கிறோம், பக்கத்து வீட்டுக் கல்வெட்டை ஒருநாளும் திறந்து பார்க்காததால்.

"இவ்வளவு சீலை எரிஞ்சிருந்தா கொழும்பே புகைஞ்சிருக்கும்" என்று நான் சிரித்தேன். வேறென்ன செய்வது.

டீச்சர் சிரிக்கவில்லை. எங்கள் பூட்டனாரின் கல்வெட்டை மூடி, முன்னட்டையை எனக்குக் காட்டினார். பூட்டனார் கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கையில் தடியோடு, துரைமாரைப்போல உட்கார்ந்திருந்தார். கதரையன்றி மறுதுணி அணியாத பூட்டனார். அந்தப் படத்தை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்!

அம்மாவுக்கு விசயம் விளங்கியதும் கொதித்துப் போனார். "அது படம் எடுக்கிறதுக்குப் போட்ட கோட்டு. எங்கட பாட்டனைப் பிழை பிடிக்க உவ ஆர்?"

"பிழை பிடிக்கல அம்மா. அவரு எரிச்சும் இருக்கலாம். இத வச்சு அப்படிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்" என்றார் டீச்சர், மிகவும் பணிவாக. அம்மா அன்றைக்குப் பிறகு கொஞ்சக் காலம் அவருக்குச் சீனி போடாமல்தான் தேத்தண்ணி கொடுத்தார்.

டீச்சரை பஸ்ஸுக்கு விடக் காலி வீதிக்கு நடந்தோம். எனக்கு மனம் கேட்கவில்லை. "டீச்சர், எழுதினது எழுதினபடி இருக்கட்டும். எங்கட பூட்டன்ர ஒன்று மட்டும் போதும். மற்றதுகளை நான் திருப்பிக் குடுத்திடுறன். ஆர் பாக்கப்போயினம்?" என்றேன்.

"நாளைக்கு வேற யாராவது இதே அலுமாரியத் தொறப்பாங்க டீச்சர். நான் ஒரு இடத்துல பொய் சொன்னேன்னு தெரிஞ்சா, எங்க ஆளுங்களப் பத்தி நான் எழுதின எல்லாமே பொய்யாயிடும். எங்களப் பத்தி எழுதினவங்களே கொஞ்சம். அதையும் கெடுக்கவா?"

"அப்ப உங்கட தாத்தா?"

பஸ் வந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தாத்தா கதையும் இதே மாதிரித்தானே டீச்சர். வீட்டுக்காரங்க வீட்டுக்காரங்களப் பெருமையா சொல்றது. உங்க பூட்டனுக்கு ஒரு சட்டம், எங்க தாத்தாவுக்கு ஒரு சட்டமா?"

என் பூட்டனாரைக் கழித்ததில் எனக்கு மூக்கு நுனியில் சின்னக் கோபம் இருந்தது உண்மை. தன் சொந்தத் தாத்தாவையும் அதே தராசில் வைத்த அந்த நிமிடத்தில் அது போய்விட்டது. நான் நிறையப் படித்தவர்களைக் கண்டிருக்கிறேன். தனக்கு வேண்டியது கைக்கு வந்த பிறகு, ஒருவரும் கேட்காமலே அதை விட்டுக்கொடுத்த ஒருவரை அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாளே பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். பேராசிரியர், கல்வெட்டுகளைப் பற்றித் தனியாக எழுதுங்கோ, செத்தவர் என்ன செய்தார் என்பதற்கு இல்லாவிட்டாலும் இருந்தவர்கள் என்ன ஆசைப்பட்டார்கள் என்பதற்கு அவை நல்ல ஆதாரம் என்றாராம். ஆனால் துறைமுக அத்தியாயத்துக்கு, வீட்டாரல்லாத ஒருவரின் சாட்சி வேண்டும். அடுத்த தவணைக்குள் கிடைக்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். டீச்சர் பழைய துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களைத் தேடி அலைந்தார். அவர்கள் இருந்த தோட்டங்கள், அதாவது கொழும்பின் வரிசை வீடுகள், உடைபட்டு மாடிகளாகிவிட்டன. குடும்பங்கள் நாலா பக்கமும் சிதறிப் போயிருந்தன.

கிழவர் கேட்பதை நிறுத்தவில்லை. "எங்கப்பா வந்துட்டாராம்மா?" என் முன்னாலேயே ஒருநாள் கேட்டபோது நான் டீச்சரின் கையைக் கிள்ளினேன், ஓம் என்று சொல்லிவிடுங்கோ என்று. வயது போன மனிதர், சந்தோசப்பட்டுவிட்டுப் போகட்டுமே. டீச்சர் என் கையை விலக்கிவிட்டு, "இன்னும் வரலப்பா. தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். கிழவர் தலையாட்டினார். "நல்லாத் தேடு. அவரு எங்க போயிறப் போறாரு" என்றார்.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அவர் போய்விட்டார். நித்திரையிலேயே போனது அவருக்கு நல்லது. டீச்சர் அழவில்லை. வந்தவர்களைக் கவனித்தார், சமையல்காரருக்குச் சாமான் எழுதிக் கொடுத்தார், பூசகருக்கு ஆள் அனுப்பினார். எல்லோரும் அவரைத் திடமான மனுசி என்று பாராட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

அவர்களில் பதினாறாம் நாள் காரியம். கல்வெட்டு அடிக்கும் வழக்கம் கிடையாது. சில நாள் கழித்து டீச்சர் என்னிடம், "டீச்சர், உங்க ஆளுங்க மாதிரி அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு போடலாம்னு இருக்கேன். எங்க ஆளுங்களுக்கு இதுவரைக்கும் யாரு போட்டா?" என்றார். அவரை வெள்ளவத்தையில் எங்களுக்குத் தெரிந்த அச்சகத்துக்குக் கூட்டிப்போனேன். அச்சகக்காரர் ஆறுதல் சொல்லிவிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"தேவாரம், விருத்தம், நன்றி நவிலல் எல்லாம் ரெடி அக்கா. நீங்க பேரையும் படத்தையும் தந்தாக் காணும். ஐயா என்ன மாதிரி ஆள்? சமூக சேவையா, நாட்டுப்பற்றா, பக்தியா? மூண்டுக்கும் தனித்தனியா இருக்கு."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். நாட்டுப்பற்றைக் காட்டச் சொன்னேன். திரையில், வெள்ளை எழுத்தில், பூக்கரை போட்டு, அன்னியர் நெய்த சீலை அனலினில் எரிந்துகொண்டிருந்தது! டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா போன பிறகு அவர் சிரித்ததை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். அச்சகக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"விருத்தம் வேணாம்ண்ணா. நானே எழுதித் தர்றேன்" என்றார் டீச்சர்.

அவர் எழுதியது ஒரு பக்கம்தான், வசனத்தில். அப்பா எங்கே பிறந்தார், என்ன வேலை செய்தார், யாரை மணந்தார். அதன் பின் இப்படி இருந்தது: "தன் தகப்பனார் துறைமுகத்தில் சீமைத் துணி மூட்டையைத் தூக்க மறுத்து முதலில் கீழே வைத்தார் என்றும், அவரைப் பார்த்து மற்றவர்கள் வைத்தார்கள் என்றும் இவர் சொல்வார். இதை இவர் தன் தகப்பனாரிடம் கேட்டார். இதற்கு வேறு சாட்சி எங்களுக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறோம்."

டீச்சரின் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "செத்த வீட்ல போய்த் தெரியாதுன்னு போடுவாங்களாக்கா?" என்று கேட்டார். என் வாழ்நாளில் எத்தனையோ கல்வெட்டுகளைப் பார்த்திருக்கிறேன், தெரியாது என்ற சொல்லை ஒன்றிலும் கண்டதில்லை. எங்கள் செத்தவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாததும் ஒன்றும் இல்லை. அந்தத் தம்பியிடம் நான், "இருக்கட்டும் தம்பி. இது உங்கட அக்காவின்ர கையெழுத்து மாதிரி" என்றேன்.

பதினாறாம் நாள் கொட்டாஞ்சேனை வீடு ஆட்களால் நிறைந்திருந்தது. மாடிப்படியெல்லாம் செருப்பு. காரியம் முடிந்து இலை போட்டிருந்த நேரம், வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு வயதான அம்மாவுக்கு நான் கல்வெட்டைக் கொடுத்தேன். தெமட்டகொடையிலிருந்து மகனோடு வந்திருந்தார். முன்பு இவர்களோடு ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவராம். பாட்டரி போன காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கண்ணாடியும் கொண்டுவரவில்லை என்று என்னை வாசிக்கச் சொன்னார். நான் குனிந்து, சத்தமாகவே வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிகளுக்கு வந்ததும் அந்த அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இது பிழையால்ல போட்டிருக்கீங்க. அவரு முதல்ல வைக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா சொல்றியள்?"

"முதல்ல மூட்டைய வச்சது எங்கப்பா. அப்புறம் இன்னும் நாலஞ்சு பேரு. இந்தப் புள்ளையோட தாத்தா கடைசி. தூக்கவும் மாட்டாம வைக்கவும் மாட்டாம நின்னுக்கிட்டு இருந்தாராம், காலெல்லாம் நடுங்கிக்கிட்டு. கங்காணி ஒரு பக்கம் கத்துறான், இவங்க ஒரு பக்கம் வையிடா வையிடான்னு கத்துறாங்க. அப்புறம்தான் வச்சாராம். எங்கப்பா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நான் அப்ப சின்னப் புள்ள."

டீச்சரின் தம்பி முகம் சிவக்க எழுந்தார். செத்த வீட்டில் வந்து, செத்தவரின் அப்பாவைக் கோழை என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? நான் அவசரமாகப் பேச்சை மாற்றப் பார்த்தேன். அதற்குள் டீச்சர் சமையலறையிலிருந்து வந்துவிட்டார். கையில் பாயசச் செம்பு இருந்தது. அதை யாரிடமோ கொடுத்துவிட்டு அந்த அம்மாவின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்து, அவர் காதுக்கு எட்டச் சத்தமாகக் கேட்டார்.

"அம்மா, இத உங்களுக்கு யாரு சொன்னா?"

"எங்கப்பாதான்."

"எங்கப்பா உங்ககிட்ட இதப் பத்திப் பேசியிருக்காரா?"

"அவரு பேசினா நான் வாயத் தொறக்க மாட்டேன். அவரோட அப்பாதான் முதல்லன்னு பெருமையாச் சொல்லுவாரு. நான் ஏன் அதக் கெடுக்கணும்? இப்ப நீங்க சாட்சி தெரியாதுன்னு போட்டிருக்கீங்க, அதான் சொன்னேன்."

"மூட்டையில என்னம்மா இருந்துச்சு?"

"துணிதான். சீமைத் துணி. வேற எத வைப்பாங்க?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் நீர். இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது, ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "ஒரே மாதிரி சொல்லல டீச்சர்!" என்றார். "பாத்தீங்களா, ஒரே மாதிரி சொல்லல! பயந்தாருன்னு புகழ்றதுக்காக யாராவது சொல்லுவாங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஒழுங்கைப் பூட்டன்மாரெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல எரித்து நின்றார்கள், அதனால் ஒருவரையும் நம்ப முடியவில்லை. இந்த மனிதர் கடைசி ஆளாக, கால் நடுங்க நின்றார். இவரைத்தான் நம்ப முடிந்தது. அவருடைய பேத்திக்குத் தாத்தா வீரனாக இருக்கவேண்டும் என்ற ஆசை இருந்ததோ இல்லையோ, உண்மையாக இருக்கவேண்டும் என்பதுதான் பெரிய ஆசை. அந்த நிமிடத்தில் நான் அவரை வணங்கியிருப்பேன், ஆட்கள் பார்க்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

"டீச்சர், என் பையில பென்சில் இருக்கு, எடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாவிடம், திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னார். தன் அப்பாவின் கல்வெட்டையே திருப்பிப் பிடித்து, பின்னட்டையின் வெற்றிடத்தில், யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று எழுதத் தொடங்கினார். வந்தவர்கள் இலையில் காத்திருந்தார்கள், சோறு ஆறியது, ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

எழுதி முடித்ததும் எழுந்துபோய், மாலை போட்டு வைத்திருந்த படத்துக்கு முன்னால் நின்றார். கிழவர் படத்திலும் அதே கேள்வியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியாத்தான்" என்றார் டீச்சர். "ஆனா வந்துட்டாருப்பா."